திரையை விலக்கும் நாள்

காட்டுத் தவளையை வீட்டில் வளர்க்கலாம். ஆனால் வீட்டிலும் அது காட்டுத் தவளையாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சோதிக்க ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வருவார். இந்த முறை புதிதாக வந்தவள் ஜெசிந்தா.

தவளை வளர்க்கும் தணிகாசலம் வீட்டுக் கதவைத் திறந்ததும், தவளைக்காக உள்ளே உண்டாக்கிய ஆனைமலைக் குளிர் அவள் முகத்தில் அறைந்தது. கூடமெங்கும் இருட்டும் பனிமூட்டமும். கணுக்கால் புதையும் ஈரச் சருகு. கோயம்புத்தூர் வெயில் வாசலோடு நின்றுவிட்டது.

"மெதுவா பேசுங்க மேடம், தவளை பயந்துக்கும்," என்று கிசுகிசுத்தார். "அஞ்சு வருசமா லைட்டே போடறதில்லைங்க. பாப்பா பொறந்து வளந்ததெல்லாம் இதுக்குள்ளதான்."

"வெளிய கூட்டிட்டுப் போறதில்லையா?"

"கதவத் தொறந்தா சூடு வந்துருமுங்களே."

சோதனை எளிது. சன்னல் திரையை விலக்கினால் காட்டு உயிர் ஓடி ஒளியும். மனிதருக்குப் பழகிய உயிர் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழகிவிட்டால் உரிமம் ரத்து. தவளையை எடுத்துப் போய்விடுவார்கள்.

ஜெசிந்தா திரையை இழுத்தாள். வெயில் சருகின் மேல் கொட்டியது.

பாசிக் கல்லில் இருந்த தவளை அசையவே இல்லை. தணிகாசலத்தின் கையைப் பார்த்துத் தீனிக்கு வாயைத் திறந்தது.

"போச்சு," என்றார் அவர்.

அப்போது மூலையில் சருகு சரசரத்தது. அங்கே குந்தியிருந்த நாலு வயதுப் பாப்பா நாலுகால் பாய்ச்சலில் இலைக்குவியலுக்குள் புகுந்துகொண்டது. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். இலைகளின் நடுவே இரண்டு கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்தன. தொண்டைக்குழி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, அக்காகிட்ட வாடா கண்ணு," என்று கை நீட்டினாள்.

தணிகாசலம் பாய்ந்து வந்து திரையை மூடினார்.

"கூப்பிடாதீங்க மேடம்," என்றார். "பழகிறப் போகுது."