எல்லையில் ஒரு சுற்று

இரத்மலானை விமான நிலையம் கண்ணுக்குத் தெரியும் முன்பே விமானம் நேரே போவதை விட்டுவிட்டு வட்டமடிக்கத் தொடங்கியது.

ஹட்டன் துணிக்கடை முதலாளி சுப்பிரமணியம் மடியிலிருந்த தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் பரிமளத்துக்குக் கொழும்பில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். மதியத்துக்குள் போய் வாக்குக் கொடுக்க வேண்டும்.

நேற்றைய மழையில் ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டது. அதனால்தான் நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் நின்ற இந்தச் சின்ன விமானம்.

ஓட்டுகிறவன் சண்முகராஜா. வாரா வாரம் கடைக்கு வருவான். பரிமளம் இருந்தால் ஒரு கைக்குட்டைக்கு அரை நாள் நிறம் பார்ப்பான். முதலாளி தலை தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவான்.

"என்னப்பா, ரோட்டு மறந்துபோச்சா?"

"இல்லீங்க முதலாளி. இதுக்கு மேல ஏர்போர்ட்காரங்க எல்லை. யாரு, எங்கேருந்து வர்றோம், எவ்வளவு ஒயரம்னு ரேடியோவுல சொல்லிட்டுக் காத்திருக்கணும். வான்னு சொன்னா போகலாம். அவங்க சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும்."

"கேக்காம போனா?"

"லைசென்ஸ புடுங்கிருவாங்க."

"அப்ப ஒனக்குக் கேக்கத் தெரியும்!"

சண்முகராஜாவின் காது மடல் சிவந்தது. தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி, காத்திரு என்று இங்கிலீசில் கரகரத்தது. இன்னொரு சுற்று.

"எறங்குனதும் வாக்குக் குடுத்துருவேன். என் எல்லைக்கு வெளிய வருசம் பூரா சுத்துறியே, ஒரு தரம் கூப்பிட்டியா?"

சண்முகராஜா முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"நான்... சண்முகராஜாங்க. ஊரு வலப்பனை. அம்மா மட்டுந்தாங்க. ஒங்க வீட்டுக்கு... வரலாமுங்களா?"

"ஒயரம் சொல்லல."

"அஞ்சரை அடிங்க."

சுப்பிரமணியம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தார்.

பாதையில் விழுந்த மண்ணை விடியும்போதே அள்ளிவிட்டார்கள். கொழும்பு ரயில் காலையில் ஹட்டனில் அவர் கண்ணெதிரேதான் போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பையைப் பிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்கென்று கட்டிய வெற்றிலையில் ஒன்றை உருவி வாயில் போட்டுக்கொண்டார்.

"தை பொறந்ததும் அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. திருப்பிச் சொல்லு."

அதே நேரம் ஒலிபெருக்கியும் உள்ளே வர அனுமதி கொடுத்தது. சண்முகராஜா ஒலிவாங்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினான்.

"தை பொறந்ததும் அம்மாவக் கூட்டிக்கிட்டு வர்றேன், மாமா!"

கட்டுப்பாட்டுக் கோபுரம் மறுபடி சொல்லும்படி கேட்டது.

"சொல்லு, சொல்லு" என்றார் சுப்பிரமணியம், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி. "நானும் இன்னொரு தரம் கேட்டுக்கிறேன்."