மிச்சம் நாலு நிமிடம்

நாணயம் மேலே போனது.

எதற்காகச் சுண்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்து எதிரணிப் பகுதிக்குள் பாடிப்போகும் ரெய்டு அவளுடையது. மூச்சை உள்ளிழுத்துத் தயாராக நின்றிருந்தாள்.

தலையா, பூவா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

நாணயம் செம்மண்ணில் விழுந்தது. விழாக் குழுச் செயலாளர் குனிந்து பார்த்தார். மைக்குக்காரரிடம் விரலால் ஏதோ காட்டினார்.

"மகளிர் கபடி இறுதிப் போட்டி. வெற்றி பெற்ற அணி, அலைகடல் அணி!"

அவளுடைய அணி தோற்றுவிட்டது.

இருபத்தேழுக்கு இருபத்தேழு. ஆட்டம் முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அந்த நேரம் பார்த்து நடிகரின் கார் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவருடைய படம் வருகிறது. அதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஆண்கள் இறுதிப் போட்டியை அவர் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அவருக்கு நேரம் கொஞ்சம்தான். மைதானம் ஒன்றுதான்.

ஆகவே பெண்கள் ஆட்டத்தைக் காசு சுண்டி முடித்துவிட்டார்கள்.

"நாலு நிமிசத்துல என்னம்மா ஆயிறப்போவுது?" என்றார் செயலாளர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் பெயர் சண்முகக்கனி. நூற்பாலையில் வேலை. வறண்ட கண்மாய்க்குள் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பதினோரு மாதம் ஆடிப் பழகியவள். அவர்களில் முத்துப்பேச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டவுசர் போட்டு ஆடும் பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்று அந்த வீட்டு வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டவள் கனிதான். உள்ளே வா என்றுகூட அவர்கள் சொல்லவில்லை.

நாலு நிமிடத்தில் எட்டு ரெய்டு போகலாம்.

ஒரு புள்ளி போதும்.

ஆடித் தோற்றிருந்தால் அழுதிருப்பாள். அழுகை வரவில்லை. தாடை வலித்தது. அவ்வளவு இறுகப் பல்லைக் கடித்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கழட்டாத."

கனியின் குரல் அவளுக்கே யாரோ பேசியதுபோல இருந்தது.

செயலாளர் இரண்டாம் பரிசுக் கேடயத்தை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. அவர் அதை அவள் காலடியில் வைத்துவிட்டு மேடைக்கு ஓடினார். அவள் அதைக் காலாலேயே கோட்டுக்கு வெளியே தள்ளினாள்.

அதைப் பார்க்க ஆள் இல்லை. நாற்காலிகளெல்லாம் மேடைப் பக்கம் திரும்பியிருந்தன. எல்லாக் கையிலும் செல்போன் உயர்ந்திருந்தது.

எதிர் அணித் தலைவி ஜெசிந்தா கோப்பையோடு வந்தாள். துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிறவள். அவள் பிடித்தால் ஆள் அசைய முடியாது. இன்றைக்கு மட்டும் கனியை இரண்டு முறை மடக்கியிருந்தாள்.

அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது கனிக்கு. அவளையே அறைய வேண்டும் போலிருந்தது. கை தானாக மூடிக்கொண்டது.

ஜெசிந்தா அவளைத் தாண்டிப் போய்க் கோப்பையைக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பித் தன் பகுதிக்குள் நடந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

"நாலு நிமிசம் கெடக்குல்லா. ரெய்டு உனக்கு. வா பிள்ள."

அலைகடல் பெண்கள் ஏழு பேரும் கை கோத்து நின்றார்கள்.

நடுவர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். நாணயத்தைச் சுண்டியவரும் அவர்தான். கையிலிருந்த ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையைப் பார்த்தார். பிறகு விசில் ஊதாமல் கையை மட்டும் உயர்த்தி இறக்கினார்.

ஆடினார்கள்.

கைதட்டல் இல்லை. புள்ளிப் பலகையில் மாற்றி எழுத ஆள் இல்லை. நடுவர் விரலால் காட்டினார். கனி உள்ளே போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். ஜெசிந்தா வந்து இங்கே ஒருத்தியைத் தொட்டாள். முத்துப்பேச்சி ஒருத்தியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இழுபட்டாள். விடவில்லை. அடுத்து இவர்கள் பக்கத்து ஆள் ஒருத்தி பிடிபட்டாள்.

மேடையில் நடிகர் பேசினார்.

"பொண்ணுங்கதான் இந்த மண்ணோட சிங்கங்கள்!"

விசில் பறந்தது. ஒரு தலைகூட மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை.

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. நடுவர் ஒற்றை விரலைக் காட்டினார்.

கடைசி ரெய்டு.

கனி உள்ளே போனாள். கபடி, கபடி, கபடி.

அப்போது மேடையிலிருந்து கூட்டம் இறங்கியது. செயலாளர் வழிவிலக்கிக்கொண்டே வந்தார். பின்னால் நடிகர். அவருக்குப் பின்னால் மொத்த ஊரும். கோட்டருகே வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, வெளிய வாங்க! சார் நிக்காருல்லா!" மைக் அலறியது.

அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் விழுங்கியது. சற்று முன் விழுங்கியது. சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு விட்டுப்போகும். மூச்சு விட்டால் அவுட்.

கபடி, கபடி, கபடி.

செயலாளர் கோட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தார். நடுவர் போய் அவர் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினார்.

ஜெசிந்தா பாய்ந்தாள். கணுக்காலில் எலும்பு வரை இறங்கியது பிடி. மேலே மூன்று பேர் விழுந்தார்கள்.

மண்ணில் முகம் உரச, கபடிச் சத்தம் அறாமல், கனி நடுக்கோட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.