முதல் முறை ஆட வந்தவர்

“முதல் முறையா ஆடப்போறோம். எந்த மைதானம் நல்லது?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். பதினோரு வருடமாக இந்தப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் தட்டுகளைக் கொடுத்து வாங்குவதுதான் என் வேலை.

பந்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எவ்வளவு குறைவான வீச்சில் தட்டைக் கூடையில் சேர்க்கிறோம் என்பதுதான் ஆட்டம்.

“சின்ன மைதானத்துக்குப் போங்கம்மா. ஒன்பதே கூடைதான். தரை மட்டமா இருக்கும். சுத்திலும் சுவர் இருக்கறதால தட்டு தொலையாது.”

“இன்னொண்ணு இருக்கே, மேட்டு மேல?”

“அது பழகினவங்களுக்கு. காத்து ஒரு பக்கமா அடிக்கும். புதுசா வர்றவங்க எறிஞ்சா தட்டு எங்க போச்சுன்னே தெரியாது.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தையல் வேலை செய்பவர் போல. முழங்கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கூட வந்திருந்தவர் அவருடைய தம்பி. நாற்பதைத் தாண்டியவர். புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

சின்ன மைதானத்தின் வாசலில் தம்பி நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க சார்” என்று நான் சொன்ன பிறகுதான் காலெடுத்து வைத்தார்.

விரல்கள் கீழே, கட்டைவிரல் மேலே, மணிக்கட்டை ஒரு சுண்டு. காட்டிக்கொடுத்தேன். சட்டென்று கற்றுக்கொண்டு எறிந்தார். தட்டு கூடையைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி, புல்லில் உருண்டு அவர் பக்கமே திரும்பி வந்தது.

“எடுத்துக்கலாமா சார்?”

“உங்க தட்டு. இதுக்கெல்லாமா கேக்கறது?” என்று சிரித்தேன்.

இரண்டாவது தட்டுக்கும் கேட்டார். மூன்றாவதற்கும் கேட்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தட்டு சுவரோரமே விழுந்துவிட்டது. எடுக்கப் போனவர், சுவருக்கு ஓரடி முன்னால் நின்றார். தட்டை எடுத்தார். அப்படியே சுவரை ஒட்டி மூலைவரை நடந்தார். மூலையில் திரும்பினார். அடுத்த மூலைவரை நடந்தார். யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகவே போயின.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

“போதும். எங்களை மேல கூட்டிட்டுப் போங்க.”

“அம்மா, சொன்னா கேளுங்க...”

“தட்டு தொலைஞ்சா நானே போய்த் தேடி எடுத்துட்டு வர்றேன். எவ்வளவு நேரமானாலும் சரி.”

எத்தனையோ பேரிடம் வாயடித்திருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டதும் தட்டுகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மேட்டில் ஏறினோம். மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை. அங்கே நின்றுதான் எறிய வேண்டும். அதற்குப் பிறகு தடுப்பே கிடையாது. புல்சரிவு கீழே இறங்கி ஆற்றைத் தொடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல்கள். வயல்கள் முடிந்தால் மலைகள்.

தம்பி மேடைமேல் ஏறி நின்றார்.

“எங்க எறியணும்?”

நான் சரிவின் நடுவில் இருந்த கூடையைக் காட்டினேன்.

“அதெல்லாம் அப்புறம். உனக்கு எங்க தோணுதோ அங்க எறிடா” என்றார் அக்கா.

எறிந்தார்.

புதியவர்களின் தட்டு எங்கே விழும் என்று கையை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். இது விழவில்லை. கூடையைத் தாண்டியது. கீழிருந்து ஏறிய காற்று அதை அப்படியே ஏந்திக்கொண்டது. தரை சரியச் சரிய, தட்டு மட்டும் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கை அளவானது. பொட்டு அளவானது.

“அக்கா, இன்னும் போகுதுக்கா!”

சின்னப் பையனின் குரல் போல உடைந்திருந்தது அது.

ஆற்றோர நாணல்களுக்கு மேலே தட்டு மறைந்தது. அவர் திரும்பவில்லை. இரண்டாவது தட்டை நீட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

“அந்த மலைக்கு அப்புறம் என்னக்கா இருக்கு?”

“இன்னொரு மலை இருக்குடா.”

“அதுக்கு அப்புறம்?”

“அதுக்கு அப்புறமும் இருக்கு. போய்க்கிட்டே இருக்கும்.”

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நானும் பார்த்தேன். தினமும் ஏறி இறங்குகிற மேடு. அங்கே மலைகள் மூன்று வரிசையாக நிற்பதும், கடைசி வரிசை வானத்தோடு கலந்து எது மலை எது மேகம் என்று தெரியாமல் போவதும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

கீழே, தட்டு கொடுக்கும் இடத்தில் யாரோ மணியடித்துக் கூப்பிட்டார்கள். போக மனம் வரவில்லை.

“எதுக்கும்மா பெரிய மைதானம்தான் வேணும்னு அவ்வளவு பிடிவாதம்?” என்று மெல்லக் கேட்டேன்.

அக்கா தம்பியின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

“பத்தொன்பது வருஷமா அவன் நிமிர்ந்தா வானம், நேரா பார்த்தா சுவர்.”

நான் கையிலிருந்த தட்டுகளை மேடை ஓரத்தில் வைத்தேன்.

“செஞ்சது அவன் இல்லையாம்” என்றார். “போன வாரம்தான் கோர்ட்டுக்குத் தெரிஞ்சுதாம்.”