இரண்டாவது ஆள்

ஒற்றை ஆளோடு வரும் காரை ஆபீஸுக்குள் நிறுத்தக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டதிலிருந்து, காரே இல்லாத ஸ்டோர் கீப்பருக்கு ஏக கிராக்கி.

"அண்ணே, நாளைக்கு என் கார்ல வாங்கண்ணே," என்று கெஞ்சினார் இன்ஜினியர்.

"நாளைக்கு அக்கவுண்டன்ட் கூட்டிட்டுப் போறாரு. வியாழக்கிழமை வேணா பார்க்கலாம். உங்க கார்ல ஏசி வேலை செய்யுதுல்ல?"

மறுநாள் எட்டு மணிக்கே அவர் ஷூ மாட்டுவதைப் பார்த்த மனைவிக்குத் தாங்கவில்லை.

"ஒன்பது மணி ஆபீஸுக்கு இப்பவே கிளம்பணுமா? முன்னெல்லாம் ஒன்பதுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதுதானே கிளம்புவீங்க?"

"அப்போ நடந்து போனேன். கார்ல போனா மேம்பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரணுமே!"

சலித்துக்கொண்டே வாசற்கதவைத் திறந்தார். சாலைக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் கேட்டில் நின்றிருந்த வாட்ச்மேன் அவருக்கு வணக்கம் போட்டார்.