வெள்ளாமை முடியட்டும்

"மக்காச்சோளம் ஒடிச்சாச்சல்லொ? இன்னும் என்னம்மா யோசனை? ஊட்டைக் காலி பண்ணு!"

வீட்டுக்காரம்மா சாரதாமணியின் குரல் கேட்டதும் சைதுன்னிசா பதறிக்கொண்டு புழக்கடைக்கு வந்தாள். ஆறு மாத வயிறு. போன தடவை வீடு மாறிய அலைச்சலில்தான் கரு கலைந்தது. அதை நினைத்தால் சோறே இறங்குவதில்லை.

சாரதாமணியின் கணவர் லிங்கசாமி அந்த வீட்டை இடித்துவிட்டு பனியன் கம்பெனி போட மெஷினுக்குக்கூட ஆர்டர் கொடுத்துவிட்டார். புழக்கடையில் சைதுன்னிசா போட்டிருந்த சோளத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளாமை முடியற வரைக்கும் இருந்துக்கங்க" என்று கெடு வைத்தவரும் அவர்தான்.

மனைவியோடு வந்து சோளத்தட்டையைப் பிடுங்கக் குனிந்த லிங்கசாமி, அப்படியே நின்றார்.

"அவரை ஏறியிருக்குதே!"

"தட்டையைப் புடுங்குனா கொடி போயிருமுங்கண்ணா" என்றாள் சைதுன்னிசா.

"போனாப் போகுது, புடுங்குங்க!" என்றாள் சாரதாமணி.

"பூத்த கொடியப் புடுங்கறதா? நீ சொல்லி நான் கேக்கறதா?" லிங்கசாமி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கணவன் அக்பர் சிரித்தான். "நல்லவேளை, அவரை போட்டே."

"நானா? சோளம் மட்டுந்தான் போட்டேன். நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்!"

"அப்ப காக்கா போட்டிருக்கும், விடு."

எட்டாம் மாதம் அவரை ஓய்ந்தது. லிங்கசாமி கடப்பாரை ஆளோடு வந்தார். தட்டைகளுக்கு அடியில் ஆள் கால் வைத்ததும், இலை விலகி அரசாணிப் பூசணி ஒன்று தெரிந்தது. கைப்பிடி அளவுப் பிஞ்சு. பக்கத்தில் இன்னும் நாலைந்து.

"இது முத்தற வரைக்கும் காத்திருக்கோணுமா? இழுத்து எறிங்க!" தெருவுக்கே கேட்கக் கத்தினாள் சாரதாமணி.

"வாய மூடு. பிஞ்சுல கை வெச்சா வெளங்குமா?" ஆளைத் திருப்பி அனுப்பினார் லிங்கசாமி.

சைதுன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த அம்மாளுக்கு நாம் என்ன பாவம் செய்தோம்?

பூசணி பழுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் சாரதாமணி கருப்பட்டியும் பூண்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே உம்பொழக்கடையில ஊனறதுக்கு எங்கிட்ட விதை ஏதுமில்ல, கண்ணு. நாப்பது நாள் கழிஞ்சதும் வேற ஊடு பாத்துக்க."