வாங்காமல் திருப்பிய பெட்டி

பெட்டியைப் பிரிக்கும் முன்பே பச்சைமுத்துவின் கண் டேப்பில் போய் நின்றது.

அவர் ஒட்டி அனுப்பியது பழுப்பு டேப். இப்போது அதன் மேல் வெள்ளை டேப் ஒன்று ஓடியிருந்தது.

கடல் தாண்டிப் போய்வந்த பெட்டியை நாலு பேர் திறக்கத்தான் செய்வார்கள் என்றாள் சரளா. அவர் மனைவி, சிவாஜிநகர்க் கடையில் கொக்கி, ஜரிகை வேலையெல்லாம் அவள் கைதான். பச்சைமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தைந்து வருஷமாகப் பரதநாட்டிய உடை தைக்கிறவர். பெட்டிக்குள் இருந்தது அமெரிக்காவில் இருக்கும் ஸ்ரீரஞ்சனியின் மகளுக்காகத் தைத்த அரக்குப் பட்டு. பெண்ணின் அரங்கேற்றத்துக்கு. ஆறு மாதம் முன்பே அளவும் வந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது.

போன மாதம் ஸ்ரீரஞ்சனி போனில் சொன்னது இதுதான். கூரியர்க்காரன் வாசலில் நின்று இறக்குமதி வரி கேட்டானாம். உடையின் விலையில் பாதி. அதனால் வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

இதை நம்ப அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா?

அமெரிக்காவில் வீடு, கார் என்று இருக்கிறவள் சொந்த மகளின் அரங்கேற்றப் பட்டை வரிக்குப் பயந்து வாசலோடு அனுப்புவாளா? அரங்கேற்றம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டி இன்றைக்குத்தான் வருகிறது. ஒரு நாள் மேடையில் போட்டு ஆடிவிட்டு மடித்து அனுப்பி, கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க எத்தனை நேரம் ஆகும்?

இதில் பெட்டி திரும்பி வந்த கூரியர் கூலி வேறு அவர் தலையில். தான் தைத்த துணியைத் தானே காசு கொடுத்து மீட்ட வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ரவிக்கையை எடுத்து அக்குளை முகர்ந்தார். புதுப் பட்டு வாசனைதான் வந்தது. ஏசி மேடையில் யாருக்கு வேர்க்கும் என்று அதற்கும் ஒரு பதிலைத் தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு இடுப்புக்குக் கீழே முன்பக்கம் விரியும் முன்விசிறியைப் பிரித்துப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

விசிறி மடிப்புகள் கலையாமலிருக்க வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டுத்தான் எதையும் அனுப்புவார். அந்த நூலை மேடை ஏறும் நாளில்தான் வெட்டுவார்கள். இங்கே ஒரு நூல் பாக்கியில்லை. அத்தனையும் வெட்டியிருந்தது.

சாயம் வெளுத்துவிட்டது, போ.

கொஞ்சம் பொறுங்கள் என்று சரளா கெஞ்சினாள். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தரும் பதினான்கு வீடுகளும் ஸ்ரீரஞ்சனி சொல்லி வந்தவை. அவளைப் பகைத்துக்கொண்டால் கடைக்குப் பாதிச் சோறு போய்விடும். அதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்த பெண் தன்னை ஏமாற்றிவிட்டாளே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்து, வாட்ஸ்அப்பில் ஸ்ரீரஞ்சனிக்குப் பேசி அனுப்பிவிட்டார்.

"ஏம்மா, போட்டு ஆடிட்டு வரி அது இதுன்னு எனக்கே காதுல பூ சுத்துறியா? நூலு வெட்டியிருக்கறது எனக்குத் தெரியாதா? வேணும்னா கேட்டிருந்தா சும்மாவே தெச்சுக் குடுத்திருப்பேனேம்மா."

சொன்னதும் நெஞ்சு லேசானது. சரளா பட்டை மடித்து உள்ளே வைக்க பிளாஸ்டிக் கவரை எடுத்து உதறினாள்.

கவரிலிருந்து வெள்ளை நூல்துண்டுகள் கொட்டின. கூடவே ஒரு சீட்டும் விழுந்தது.

சரளா எழுத்துக்கூட்டி அந்த இங்கிலீஷைப் படித்தாள். சுங்கச் சோதனைக்காகத் திறக்கப்பட்டது என்று இருந்தது. தேதி போன வாரத்துத் தேதி.

மேடைக்குப் போகிறவள் நூலை வெட்டினால் குப்பையில் போடுவாள். பொறுக்கிக் கவரில் போட்டா அனுப்புவாள்? மடிப்புக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்த எவரோ வெட்டி, வெட்டியதையும் அப்படியே உள்ளே போட்டு மூடியிருக்கிறார்கள்.

பச்சைமுத்து அவசரமாகப் போனை மறுபடி எடுத்தார். பேசியதை அழிப்பது எப்படி என்று சரளாவைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. இருவருமாக அங்கே இங்கே அழுத்திக்கொண்டிருக்கும்போதே டிக் இரண்டும் நீலமாயின.

முதலில் ஒரு படம் வந்தது. மேடையில் ஸ்ரீரஞ்சனியின் மகள், அரைமண்டியில். கட்டியிருந்தது அரக்குப் பட்டு இல்லை, கிளிப்பச்சை. அந்த மயில்கண் கரையை எங்கே கண்டாலும் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் முன்னால் இதே மிஷினில் தைத்தது.

அதன் கீழே எழுத்து வந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயி நாலு மாசமாச்சு மாஸ்டர். யார்கிட்டயும் சொல்லல. வரி கட்டக் கையில இல்ல. என்னோட பழசையே உள்தையல் பிரிச்சுப் போட்டுக்கிட்டா. அதுவும் நீங்க தெச்சதுதானே."

என்ன போட்டிருக்கிறாள் என்று சரளா கேட்டாள்.

அவர் போனை அவள் கையில் கொடுத்தார். குனிந்து, கொட்டிக் கிடந்த வெள்ளை நூல்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.