கேப்டனின் கதவு

“கதவு திறக்கலைன்னா விமானத்தோட வயிறு கிழிஞ்சிடும். வேற ஆளா இருந்தா இந்நேரம் கை நடுங்கும்” என்றார் கேப்டன்.

அவர் விமானத்தில் ஏறியதே ஒரே ஒரு முறைதான். அன்றும் ஜன்னல் சீட்டுக்காகப் பணிப்பெண்ணோடு சண்டை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜரான அவருக்குக் கேப்டன் என்ற பட்டத்தைச் சூட்டியது வேறு யாருமல்ல, அவரேதான்.

இப்போது அவர் கவலைப்பட்ட விமானம், மைதானத்து மேஜைமேல் ஒரு துண்டில் படுத்திருந்தது. ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். கட்டியவன் அவர் மனைவியின் தம்பி. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் சிறகுகளில் இழைத்திருந்தான். மேலே போனதும் சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போய்விடும். இறங்கும்போது வெளியே வரும். சக்கரம் போகிற பள்ளத்துக்கு மட்டும் மூடி இல்லை.

அது போதாதா கேப்டனுக்கு? ஓட்டை வயிற்றோடு பறக்கிற விமானத்தை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டு, போன வாரம் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா புருஷன் கேட்கும்போது எப்படி மறுப்பது?

குடைக்கம்பி, பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங், மனைவியின் ஹேர்பின் ஆகியவற்றில் அந்தப் பள்ளத்துக்கு அவர் செய்த இரட்டைக் கதவுக்கு ‘என் சிஸ்டம்’ என்று பெயர். வேடிக்கை பார்க்க வந்தவர்களை நிற்கவைத்து அதைப் பற்றி ஓர் உரையும் ஆற்றினார். கொட்டாவி விட்டவர்களை மனத்தில் குறித்துக்கொண்டார்.

மைத்துனன் கதவைத் தொட்டுப் பார்க்கப் போனான். செட்டிங் கலைந்துவிடும் என்று கையைத் தட்டிவிட்டார். வழக்கம்போலத் தரையில் ஓடவிட்டுக் கிளப்பலாமே என்றான். தரை கரடுமுரடு, என் சிஸ்டம் குலுங்கக் கூடாது, கையால் தூக்கி எறி என்றார்.

எறிந்தான். கேப்டன் கையில் ரிமோட். விமானம் இரண்டு வட்டம் அழகாகவே அடித்தது. மைத்துனன்தான் விமானத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஹேர்பின் சிக்கிக்கொண்டால் ஒரு வருஷ உழைப்பும் தரையில் தேய்ந்து சிராய்த்தூளாகிவிடும்.

திறப்பு விழாவுக்கு வந்த மந்திரியின் முகத்தோடு கேப்டன் விசையைத் தட்டினார்.

இரண்டு கதவும் ஒரே சீராக, சத்தமில்லாமல், பூ விரிவதுபோலத் திறந்தன. கொட்டாவி விட்டவர்கள்கூடக் கைதட்டினார்கள். இந்த மனுஷரைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மைத்துனனுக்கு வெட்கமாகிவிட்டது.

விமானம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

“அத்தான், சக்கரம் வரலையே?”

கேப்டன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எப்படி வரும் மாப்ளே? கதவு மாட்ட இடம் பத்தலைன்னு அதைத்தான் நேத்தே கழட்டிட்டேனே.”